அணியின் அகம்

ஐம்பெருங்காப்பியங்கள் எனத் தமிழுலகம் போற்றும் நூல்களின் பெயர்களிலேயே சிலம்பும் மேகலையும் மணியும் விளங்கக் காண்கிறோம். அவற்றுள் சிலப்பதிகாரம் ஓர் அணியின் அகத்தைப் பற்றிய கதை என்று கூறினும் பொருந்தும். கோவலன் விற்கக் கொண்டு சென்ற சிலம்பினுள் இருந்தவை மாணிக்கப் பரல்கள்; பாண்டிமாதேவியின் சிலம்பினுள் இருந்தவை முத்துப் பரல்கள். உள்ளே இருப்பது யாது என்று ஆராயாமல் ஆணையிட்ட அரசன், அவ்வுண்மை வெளிப்பட்டபோது உயிர் துறந்தான். அணியின் புறத்தை எல்லாரும் காண்பர். அகத்தை அறிந்தவரே அதனை அறிந்தவராவர். அரசவைக்குப் பொருந்திய இவ்வுண்மை, சிறியதொரு வீட்டின் நகைப்பெட்டிக்கும் பொருந்தும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில், நாகர்கோவில் நகரின் ஒரு பகுதியாக விளங்குவது வடசேரி. கோயில் திருமேனிகளுக்குச் சாத்தும் அணிகளைச் செய்யும் பொற்கொல்லர்கள் வழிவழியாக வாழ்ந்த ஊர் அது. அவ்வணிகளின் அமைப்பைத் தழுவியே பரத நாட்டிய மகளிர் அணியும் நகைகளும் அங்கே செய்யப்பெற்றன. தலைக்குச் சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, நெற்றிச்சுட்டி, ராக்கொடி; காதுக்கு ஜிமிக்கி, மாட்டல்; கழுத்துக்கு அட்டிகை; தோளுக்கு வங்கி; இடைக்கு ஒட்டியாணம் என அவை பலவாகும். நாகர்கோவில் கோயில் நகை என்னும் பெயரால் இக்கைவினை புவிசார் குறியீடும் பெற்றுள்ளது.

அவ்வூர்த் தெரு ஒன்றில் எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் வாழ்ந்துவந்தார். அவரை அத்தெருவினர் அனைவரும் ஆச்சி என்றே அழைப்பர். அவரிடம் பெருஞ்செல்வம் இல்லை. தேக்கு மரத்தால் ஆகிய சிறு பெட்டி ஒன்று இருந்தது. பெட்டிக்குள் ஐந்து அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஒவ்வொரு நகை. ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியே ஒரு பருத்தித் துணி. திங்கள்தோறும் முதல் வெள்ளிக்கிழமையன்று அவர் பெட்டியைத் திறப்பார், நகைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார், சிலவற்றைக் கழுவுவார், சிலவற்றைத் துடைப்பார், சிலவற்றை நோக்கிவிட்டு அப்படியே வைத்துவிடுவார். பத்தாம் வகுப்பில் பயிலும் பெயர்த்தி அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்நகைகளுள் ஆச்சி உயிரெனப் போற்றியது ஒரு கெம்பு அட்டிகை. அவருடைய திருமணத்திற்காக அடுத்த தெருவிலிருந்த பொற்கொல்லர் ஒருவர் தம் கையாலேயே செய்து தந்தது. அதில் 21 சிவப்புக் கற்கள். நடுவே ஒரு பச்சைக் கல். பெயர்த்தி பரதம் பயின்றவள். பள்ளி ஆண்டு விழாவில் ஆடும்போது அணிந்துகொள்ள அவ்வட்டிகையைத் தருவதாக ஆச்சி வாக்களித்திருந்தார்.

விழாவுக்கு நான்கு நாள் இருந்தது. ஆச்சி சுசீந்திரத்திலிருந்த உறவினர் வீட்டிற்குச் சென்றிருந்தார். அட்டிகையின் ஒளி சற்று மங்கியிருப்பதாகப் பெயர்த்திக்குத் தோன்றியது. ஆச்சி திரும்பி வருவதற்குள் அதனைப் பளிச்சிடச் செய்து அவரை மகிழ்விக்க வேண்டும் என்று எண்ணினாள். பொற்சங்கிலியை ஆச்சி பூவந்திக்கொட்டை ஊறிய நீரில் கழுவுவதைப் பலமுறை கண்டவள் அவள். வெதுவெதுப்பான நீர் அழுக்கைப் போக்குமாயின் கொதிக்கும் நீர் இன்னும் நன்றாகப் போக்கும் அன்றோ என்று கருதினாள். கொதிநீரில் பூவந்திக்கொட்டையை இட்டு, அட்டிகையையும் அதில் இட்டாள்.

சிறிது நேரம் கழித்து எடுத்தபோது அட்டிகை அவள் கையில் கனமாகத் தொங்கியது. கற்கள் சில சாய்ந்திருந்தன. சிலவற்றின் இடம் வெறுங்குழியாக இருந்தது. கரும்பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று இளகி வழிந்திருந்தது. நடுங்கியவளாய் நீரைக் கொட்டிக் கற்களைத் தேடினாள். விழுந்தவை ஒன்பது, அகப்பட்டவை எட்டு. ஒன்று நீரோடு அங்கணக் குழியில் போய்விட்டது.

அட்டிகையைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். எட்டுக் கற்களையும் தன் எழுதுகோல் பெட்டியில் மறைத்தாள். ஆச்சி வந்து கேட்டபோது, “ஆசிரியை எல்லாருக்கும் ஒரே வகை நகை வாங்கியிருக்கிறார், அட்டிகை வேண்டாம், ஆச்சி” என்று கூறிவிட்டாள். விழா முடிந்தது. அவள் ஆடினாள், பிறர் பாராட்டினர். ஆயினும் அவள் மனம் அதில் இல்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை; திங்களின் முதல் வெள்ளி.

ஆச்சி பெட்டியை எடுத்து வந்து அமர்ந்தார். அவர் கை துணியைப் பிரிக்கும் முன்னரே பெயர்த்தியின் கண்களில் நீர் பெருகிற்று. “ஆச்சி, நான் அதைக் கெடுத்துவிட்டேன்” என்று கூறி, எட்டுக் கற்களையும் அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

ஆச்சி கற்களை எண்ணினார். பிறகு அட்டிகையின் குழிகளை எண்ணினார். “ஒன்று குறைகிறதே!” என்றார்.

“தண்ணீரோடு போய்விட்டது, ஆச்சி.”

நெடுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. அட்டிகையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். பின்னர், “மக்களே, இதில் என் குற்றமும் இருக்கிறது. இதைத் துடைக்க வேண்டும், நனைக்கக் கூடாது என்று என் தாய் எனக்குச் சொன்னாள். நான் அவ்வாறே செய்து வந்தேன். ஏன் என்று கேட்கவும் இல்லை, உனக்குச் சொல்லவும் இல்லை. நீ கண்டதைச் செய்தாய். ஆனால் செய்ததை மறைத்தாயே, அது மட்டும் உன் குற்றம்” என்றார். பெயர்த்தி தலைகுனிந்தாள்.

செய்தி அறிந்த உறவினர் ஒருவர், “பழைய நகை; இனி இதைச் செப்பனிட்டு என்ன பயன்? கடையில் கொடுத்துவிட்டுப் புதிய சங்கிலி ஒன்று வாங்கிக்கொள்ளலாம்” என்று அறிவுரை கூறினார், தாமே ஒரு கடைக்கும் கொண்டு சென்றார். கடைக்காரர் அட்டிகையை நிறுத்துப் பார்த்தார். கல்லின் எடையைக் கழிக்க வேண்டும் என்றார். உள்ளிருக்கும் அரக்கின் எடையையும் கழிக்க வேண்டும் என்றார். எஞ்சியது வெள்ளியும் மெல்லிய பொன்தகடும் மட்டுமே என்றார். அவர் கூறிய விலை மிகச் சிறியது. அவர் பொய் கூறவில்லை. தராசு பொன்னை நிறுக்கும், வேலையை நிறுக்க அதனால் இயலாது. உருக்கினால் கிடைப்பது சிறு தொகை. உருக்கியபின் எத்தொகை கொடுத்தும் பெற முடியாதது அக்கைவினை. உறவினர் அட்டிகையைத் திரும்பக் கொண்டுவந்து ஆச்சியிடமே கொடுத்தார்.

ஆச்சி பெயர்த்தியை அழைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குச் சென்றார். அட்டிகையைச் செய்த பொற்கொல்லர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் மகன், தாமும் எழுபதை எட்டியவர், அதே பட்டறையில் அமர்ந்திருந்தார். அவருடைய பிள்ளைகள் வேறு தொழில் நாடி வெளியூர் சென்றுவிட்டனர். புதிய நகை செய்வது அருகிவிட்டது. பழைய நகைகளைச் செப்பனிடுவதே அவருக்குப் பெரும்பாலும் வேலையாக இருந்தது.

அவர் அட்டிகையை வாங்கி முன்புறத்தைப் பார்க்கவில்லை. திருப்பிப் பின்புறத்தைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. “இது என் தந்தையார் வேலை, அம்மா. இதழின் முனையை இப்படி உள்நோக்கி மடிப்பது அவர் வழக்கம்” என்றார். பிறகு பெயர்த்தியை நோக்கி, “மக்களே, பாண்டவர்களை அழிக்கத் துரியோதனன் கட்டுவித்த மாளிகை எதனால் ஆயது?” என்று கேட்டார்.

“அரக்கினால்” என்றாள் அவள்.

“அதற்குத் தீ வைத்தார்கள்; நீ வெந்நீர் வைத்தாய். அவ்வளவுதான் வேறுபாடு” என்று கூறி அவர் நகைத்தார். நான்கைந்து நாட்களாகச் சிரிப்பை மறந்திருந்த பெயர்த்தியும் சிரித்துவிட்டாள்.

பின்னர் அவர் நகையின் அகத்தை அவளுக்குக் காட்டினார். இவ்வகை நகைக்கு முதலில் மெல்லிய வெள்ளித் தகட்டை வெட்டி வளைத்துப் பற்றவைத்துக் கூடு செய்வர். ஒவ்வொரு கல்லுக்கும் ஒவ்வொரு சிறு குழி அமையும். அக்கூட்டினுள் அரக்கை இளக்கி நிரப்புவர். அரக்கின்மேல் கல்லை வைத்து, கல்லின் ஓரத்தைச் சுற்றித் தூய பொன்தகட்டை மெல்ல மெல்ல அழுத்திப் பதிப்பர். தூய பொன் மிக மென்மையானது. ஆதலால் நெருப்பின் உதவியின்றியே, அழுத்திய அளவில் கல்லைத் தழுவிப் படிந்துகொள்ளும். வெளியே காண்பது பொன்னும் கல்லும். உள்ளிருந்து தாங்குவது அரக்கு.

“அரக்கு என்பது யாது, தெரியுமா? புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரந்து தருவது. ஏறத்தாழ 65 பாகை முதல் 80 பாகை வரையுள்ள வெப்பத்தில் அது இளகிவிடும். கொதிநீரோ 100 பாகை. பொன் உருக வேண்டுமானால் ஆயிரம் பாகைக்கு மேல் வேண்டும். ஆகையால் உன் ஆச்சியின் பொற்சங்கிலிக்குக் கொதிநீர் ஒரு பொருட்டன்று, இவ்வட்டிகைக்கோ அதுவே பகை” என்று அவர் விளக்கினார்.

வெந்நீர் மட்டுமா பகை? சோடா முதலிய காரப் பொருள்களும் அரக்கைக் கரைக்கும். ஆல்ககாலும் கரைக்கும், ஆதலால் ஆல்ககால் கலந்த நறுமண நீரை நகை அணிந்தபின் கழுத்தில் தெளித்துக்கொள்ளல் ஆகாது. குளிர்ந்த நீருங்கூடப் பொன்தகட்டின் இடுக்கு வழியே கல்லின் அடியில் புகுந்து தேங்குமாயின் கல் ஒளி மங்கும். எனவே கெம்பு நகைக்கு நீராட்டே வேண்டா. ஆடி முடித்தவுடன் வியர்வை உலரும் முன் மென்மையான பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, காற்றில் சிறிது நேரம் ஆறவிட்டுப் பெட்டியில் வைத்தலே போதும். அடுப்பருகிலும் கடும் வெயிலிலும் வைத்தல் கூடாது.

பொற்கொல்லர் சாமணத்தால் ஒவ்வொரு கல்லாக எடுத்து அதனதன் குழியில் பொருத்திப் பார்த்தார். கையால் தீட்டிய கற்கள் ஆதலின் ஒன்று இருந்த இடத்தில் மற்றொன்று பொருந்தவில்லை. காணாமற்போன கல்லுக்கு ஈடாக வேறொரு கல்லைத் தேய்த்துச் செம்மைப்படுத்திப் பதித்தார். அதன் நிறம் மற்றவற்றினும் சற்று ஆழ்ந்த சிவப்பு. “நிறம் ஒத்துவர வேண்டுமானால் எல்லாக் கற்களையும் மாற்றலாம்” என்றார். ஆச்சி வேண்டா என்று கூறிவிட்டார்.

அன்று மாலை ஆச்சியும் பெயர்த்தியும் பெட்டியை மீண்டும் திறந்து அமர்ந்தனர். இம்முறை ஆச்சி வழக்கத்தைக் கூறினார். பெயர்த்தி தான் பள்ளியில் பயின்றவற்றைக் கொண்டு காரணத்தைக் கண்டாள்.

முதலில் பொற்சங்கிலி. 22 காரட்டுப் பொன்னில் 24 பங்குக்கு 22 பங்கு பொன். எஞ்சியது செம்பு முதலிய பிற உலோகம். அது துருப்பிடிப்பதில்லை. உடம்பின் எண்ணெய்ப் பசையும் தூசியும் கண்ணிகளிடையே படிவதால்தான் மங்குகிறது. பூவந்திக்கொட்டை ஊறிய வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் இட்டு, மென்மையான தூரிகையால் தேய்த்து, நல்ல நீரில் அலசி, ஈரம் போகத் துடைத்தால் ஒளி மீளும். ஆனால் பொன் மென்மையானது. கரடுமுரடான பொடியால் தேய்த்தால் கீறல் விழும். தேய்க்குந்தோறும் பொன்னும் குறையும். கல் பதித்த நகையோடு சேர்த்து வைத்தால் வைரமும் மாணிக்கமும் பொன்னைக் கீறும். பெட்டிக்குள் ஐந்து அறைகள் இருந்ததன் காரணம் இப்போது விளங்கிற்று. சங்கிலி குண்டுமணிக் கோவையாயின், அக்குண்டுகளினுள்ளும் அரக்கு இருக்கக்கூடும். அதனைக் கேட்டறிந்த பின்னரே நீரில் இட வேண்டும். உடைந்த வெப்பமானியிலிருந்து சிந்திய பாதரசம் பொன்னைத் தொட்டால் இரண்டும் கலந்து பொன் வெளுத்துவிடும். அதனருகே நகையோடு செல்லலாகாது.

அடுத்தது முத்துமாலை. கொற்கை முத்தால் புகழ்பெற்ற நாடு நம் தென்னாடு. முத்து, பூமியில் தோண்டி எடுத்த கல் அன்று. சிப்பியின் உடலில் படலம் படலமாக வளர்ந்தது. “முத்தைப் புளியாலும் எலுமிச்சையாலும் துலக்கக் கூடாது” என்றார் ஆச்சி. “முத்து பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டு, சுண்ணாம்புக்கல்லும் அதுவே. அமிலம் பட்டால் அரிக்கும்” என்றாள் பெயர்த்தி. பவளத்திற்கும் அதுவே முறை. ஒப்பனையெல்லாம் முடித்து இறுதியில் முத்தை அணிய வேண்டும். வீடு திரும்பியதும் முதலில் அதனைக் கழற்ற வேண்டும். சற்றே ஈரமான துணியால் துடைத்து, நூல் உலரும்வரை கிடையாகக் கிடத்த வேண்டும். ஈர நூலோடு தொங்கவிட்டால் நூல் நீளும். ஒவ்வொரு முத்துக்கும் இடையே முடிச்சிட்டுக் கோத்த மாலையில், நூல் அறுந்தாலும் முத்துகள் அனைத்தும் சிதறா. நூல் தளர்ந்ததும் புதிதாகக் கோத்தல் நலம்.

மூன்றாவது வெள்ளிக் கொலுசு. அது கறுத்திருந்தது. வெள்ளி கறுப்பது அதன் இழிவன்று. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் அதனோடு கூடுவதால் மேலே கறுப்புப் படலம் உண்டாகிறது. மென்மையான திருநீற்றால் துலக்கினால் அது நீங்கும். உலர்ந்த துணியில் சுற்றிக் காற்றுப் புகாத பையில் வைத்தால் கறுப்பது குறையும். ரப்பர் வளையத்தால் கட்டி வைத்தால் விரைவில் கறுக்கும். ரப்பரிலும் கந்தகம் உண்டு. ஆயின் சித்திர வேலைப்பாட்டின் பள்ளங்களில் கைவினைஞர் வேண்டுமென்றே விட்டுவைத்த கறுப்பு இருக்குமாயின், அதனைத் துலக்குதல் அவர் தீட்டிய சித்திரத்தை அழிப்பதாகும்.

இறுதியாக வைரத்தோடு. பின்புறம் மூடிக் கல் பதித்த பழைய தோட்டை நீரில் ஊறவைக்கலாகாது. திருகாணியை மட்டும் கழற்றிக் கழுவலாம். அணிவதற்கு முன் திருகாணி இறுகியிருக்கிறதா, சங்கிலியின் கொக்கி வாய் திறந்திருக்கிறதா, கல் அசைகிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தல் நல்ல வழக்கம். காதருகே மெல்ல ஆட்டினால் தளர்ந்த கல் ஒலி எழுப்பிக் காட்டிக் கொடுக்கும்.

இவ்வளவும் பேசி முடித்தபின் பெயர்த்தி ஐந்து சிறு தாள்களைக் கத்தரித்து எடுத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு நகையின் பெயரையும், அதன் உள்ளே இருப்பதையும், செய்யத் தக்கதையும் தகாததையும் எழுதினாள். கெம்பு அட்டிகையின் தாளில், “உள்ளே அரக்கு. வெந்நீர் ஆகாது. துணியால் ஒற்றினால் போதும்” என்று எழுதிய பின், சற்றே தயங்கி, “ஒரு கல் புதியது, என்னால்” என்றும் எழுதினாள்.

ஆச்சிக்குக் கண் மங்கியிருந்தது. “இவ்வளவு சிறிய எழுத்தை நான் எவ்வாறு படிப்பேன்?” என்றார்.

“இது உங்களுக்கு அன்று, ஆச்சி, பிற்காலத்தில் இப்பெட்டியைத் திறப்பவர்களுக்கு” என்றாள் அவள்.

அடுத்த ஆண்டு விழாவில் அவள் அவ்வட்டிகையை அணிந்து ஆடினாள். முன் வரிசையில் ஆச்சியும், அவருக்கு அருகில் பொற்கொல்லரும் அமர்ந்திருந்தனர். விளக்கொளியில் 21 சிவப்புக் கற்களும் சுடர்விட்டன. அவற்றுள் ஒன்று மட்டும் சற்று ஆழ்ந்து சிவந்திருந்ததை அவையினர் எவரும் அறிந்திலர். ஆட்டம் முடிந்ததும் அவள் ஒப்பனை அறைக்குச் சென்றாள். பிறர் மாலையும் பரிசும் பெற விரைந்த வேளையில், அவள் அட்டிகையைக் கழற்றி, தான் கொண்டுவந்திருந்த பருத்தித் துணியால் கல் கல்லாக ஒற்றி எடுத்தாள், காற்றில் ஆறவிட்டாள், அதற்குரிய துணியில் பொதிந்தாள். அதன் பின்னரே பரிசு பெற மேடைக்குச் சென்றாள்.

கைவினைஞர் ஓர் அணியைச் செய்து முடிக்கும்போது அதன் பாதி வாழ்வே முடிகிறது. மறுபாதி அதனை அணிபவர் வீட்டில் நிகழ்வது. முன்னோர் தந்த நகையோடு, அதனைக் காக்கும் முறையையும், அம்முறையின் காரணத்தையும் சேர்த்தே பின்வருவோர்க்குத் தருதல் வேண்டும். காரணம் அறியாத வழக்கம் ஒரு தலைமுறையோடு நின்றுவிடும். காரணம் அறிந்த வழக்கம் பெட்டியோடு கைமாறி நெடுங்காலம் வாழும்.